திரைக்கு வராத பிழை

நாரந்தனைச் சத்தியபாமாவுக்கு நான் அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். அது அவளுடைய ஒரு மாதச் சம்பளம்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எண்பத்துமூன்று கலவரத்தில் தெற்கிலிருந்த கடையை இழந்து, வெறுங்கையோடு ஊர்காவற்றுறையில் வந்திறங்கி, ஐந்தே வருடத்தில் அனலைதீவு வரை அரிசியும் சீமெந்தும் அனுப்பினேன். கடைக்குக் கொம்பியூட்டரும் வாங்கினேன். அதை இயக்கத்தான் சத்தியபாமா வந்தாள். தகப்பன் இல்லை, தாய் சீதேவிக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. மெல்லத்தான் பேசுவாள், சொன்னதை மாற்றமாட்டாள்.

ஒருமுறை இரண்டு நாள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, கணக்குகளையெல்லாம் புளொப்பித் தட்டுகளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பியூட்டருக்குள்ள கணக்கு இருக்கிற டிஸ்க் பழுதாகுது ஐயா."

"பிழையெண்டு திரையில ஏதும் காட்டினதோ?"

"இல்லை. ஆனா வாசிக்க இழுக்குது."

"காட்டாத பிழைக்கு ரெண்டு நாள் கடை நிக்கிறதோ? இந்த மாதம் சம்பளம் இல்லை, பிள்ளை."

"சரி ஐயா. புளொப்பி இன்னும் ஆறு வேணும்."

பத்து நாள் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். சம்பளத்தைத் தாங்கோ."

"டிஸ்க் நல்லாயிருக்கெண்டு சொல்லும், இப்பவே தாறன்."

"பொய் சொல்ல ஏலாது. டிஸ்க் 'வாசிக்க முடியேல்லை' எண்டு டிரைவருக்குச் சொல்லுது. டிரைவர் எண்டது டிஸ்க்கோட பேசுற புரோகிராம். அது விடாமல் திரும்பத் திரும்பக் கேக்கும். அஞ்சாந்தரம் சரிவந்தால் எங்களுக்கு மூச்சும் விடாது. அஞ்சும் பிழைச்சால்தான் திரைக்கு வரும். நீங்களும் கடையில அப்பிடித்தானே சொல்லி வைச்சிருக்கிறியள்? தீர்ந்த சண்டையை என்னட்டைக் கொண்டு வராதேங்கோ எண்டு."

"அந்தச் சட்டத்தாலதான் நான் ஆளானனான்!"

"அப்ப கதிர்காமு அண்ணையைக் கேளுங்கோ, இந்த மாதம் எத்தினை சண்டை தீர்த்தவர் எண்டு."

தராசடியில் நிற்கும் கதிர்காமுவைக் கூப்பிட்டேன், அவளை மடக்கத்தான்.

"முப்பது இருக்கும் முதலாளி," என்றான் பெருமையாக. "எல்லாம் நிறை குறையுதெண்ட சண்டைதான். ஒரு பிடி அரிசி கூடப் போட்டால் போயிடுவினம். ஒண்டும் உங்களட்டை வரவிடேல்லை."

"எல்லாம் ஒரே தராசிலயோ?"

"ஓம், பெரிய தராசில."

இரண்டு தட்டிலும் ஒரே நிறைப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். பெரிய தராசு சரிந்துதான் நின்றது. முப்பது பேர் சொல்லியும் எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடி சட்டம் போட்டவன் நானே.

மேசை லாச்சியைத் திறந்தேன். சத்தியபாமா விரித்த உள்ளங்கையில், நூறு நூறாக ஆறு தாள்களை எண்ணி வைத்தேன்.