பயணத்துக்குப் பழக்கியவள்

பிளேனில் சின்னப் பிள்ளைகள் வெருளுவது இரண்டு இடத்தில்தான் என்று பக்கத்து வீட்டுச் சரீப் காக்கா சொன்னார். குவைத்தில் லொறி ஓட்டி, வருசக்கணக்கில் போயும் வந்தும் திரிந்த மனிதர் அவர்.

"ஒண்டு, பிளேன் நிலத்த விட்டு எழும்பக்குள்ள. மற்றது கக்கூசுல. தண்ணி இழுக்கிற சத்தத்துக்குப் பெரிய ஆக்களே நடுங்கிப் போவாங்க, சுஹறா."

சுஹறா பிளேனைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. ஆனாலும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். கிணற்றடி மோட்டரைப் போட்டுவிட்டு நாலு வயது ஸைதைப் பக்கத்தில் நிறுத்தினாள். முதல் நாள் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பிறகு பிறகு, மோட்டர் சத்தத்தோடு சேர்ந்து தானும் கத்தப் பழகினான். அவனுடைய ராத்தா, ஏழு வயது அம்ஹா, வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் சுஹறாவின் மூத்த சகோதரி ஸகியாவுடையவை. ஸகியாவின் புருசன் பஸால் கத்தாரில் வேலை. ஸைத் தவழத் தொடங்கிய காலத்தில் ஸகியாவுக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாள். அதற்காகச் சுஹறா கல்முனை பஸாரில் புடைவைக் கடை வேலையை விட்டு, சாய்ந்தமருதில் ராத்தாவின் வீட்டுக்கே வந்து இருந்தாள். காய்ச்சல், பல் முளைப்பு, நேர்சரி, அம்ஹாவின் ஓதல் பள்ளி எல்லாம் அவள் தலையில்தான். அதை அவள் ஒரு சுமையாக எண்ணவில்லை. எண்ணாததற்குக் காரணமும் இருந்தது. ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் ஸகியா ஒரே கதையைத்தான் சொல்லுவாள்.

"கொஞ்சம் பொறு. எல்லாரையும் ஒண்டா எடுக்கிறம். ஒன்ன விட்டுட்டு அதுகள் இரிக்குமா? நீயும் வா. இஞ்ச நேர்சரி ஒண்டுல வேலையும் பாத்துத் தாறம்."

அந்தச் சொல்லை நம்பித்தான் சுஹறா ஒரு கலியாணப் பேச்சையும் தட்டினாள். சம்மாந்துறையில் அரிசி மில்லில் மெக்கானிக் வேலை பார்க்கும் அதாவுல்லா, மனைவியை இழந்தவர், ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். முப்பத்தாறு வயதில் வந்த கேள்வி. மனதுக்கும் பிடித்திருந்தது. "நான் கத்தாருக்குப் போற ஆள். அவரக் காத்திரிக்க வெச்சிப் பாவம் தேடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினாள்.

பஸால் லீவில் வந்து கூட்டிப் போவதாக முடிவானதும் அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஹோலில் பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, பழைய முந்தானைத் துண்டுகளை இடுப்புப் பட்டியாகக் கட்டி, பிள்ளைகளை இருத்தினாள். தட்டில் சோறும் முட்டையும் வைத்து, முன்னால் இருக்கும் கதிரையை உதையாமல் சாப்பிடப் பழக்கினாள். எழும்பாமல் இருக்கப் பழக வேண்டும் என்று அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏற்றிப் போய், அதே பஸ்ஸில் திரும்பக் கூட்டி வந்தாள். நிந்தவூர் தாண்டுவதற்குள் ஸைத் குமட்டி, சொப்பின் பேக்குக்குள் சத்தி எடுத்தான். இரண்டாம் தரம் எடுக்கவில்லை. அன்றைக்குச் சுஹறா ரோட்டால் போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

மோட்டர்ச் சத்தம் போதாது என்று ஒருநாள் சம்மாந்துறை மில்லுக்கே கூட்டிப் போனாள். உள்ளே இயந்திரம் ஓடும்போது நிலமே அதிர்ந்தது.

"இப்பிடித்தான் பிளேனும் சத்தம் போடும். காதப் பொத்தக்கூடாது. எச்சில முழுங்குங்க" என்று அவள் சொல்லிக்கொண்டு நிற்கையில், புருவமெல்லாம் தவிட்டுத் தூசியோடு அதாவுல்லா வெளியே வந்தார்.

"எப்ப பயணம்?"

"மச்சான் வந்த உடனே."

"நீங்களுமா?"

"நான் இல்லாம இதுகள் ஏறுமா?"

அவர் சிரித்தார். "நல்லம். எனக்கும் இறக்காமத்துல கலியாணம் பேசி முடிச்சிட்டாங்க. துஆச் செய்ங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுஹறா. குரல் சரியாகத்தான் வந்தது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தானே வேண்டாம் என்று சொன்னது, அதில் யாரைக் குறை சொல்ல? அம்ஹா அவள் கையை இறுகப் பிடித்தபடி விடவேயில்லை. மில்லுக்குப் பயந்துவிட்டாள் என்று சுஹறா நினைத்தாள்.

பஸால் வந்தான். பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து, பிளேன் குளிருக்குச் சட்டை, சொக்கலேட் எல்லாம் கொண்டு வந்தான். சுஹறாவுக்கு ஒரு அபாயா. "என்ட விசா வந்திட்டா மச்சான்?" என்று அவள் கேட்டபோது, "வரும், வரும். அதெல்லாம் ஒண்டாத்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, வாப்பாவுக்குப் பிளேன் விளையாட்டைக் காட்ட வேண்டும் என்று ஸைத் அடம்பிடித்தான். தானே கதிரைகளை இழுத்துப் போட்டான். ஜன்னல் பக்கம் வாப்பா, அடுத்து அவன், அவனுக்குப் பக்கத்தில் சாச்சி சுஹறா, ஓரத்தில் ராத்தா. எல்லோரும் இருந்தார்கள். அம்ஹா மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"வாங்க மகள், ஒங்கட சீட்டுல இரிங்க" என்றாள் சுஹறா.

அம்ஹாவின் வாய் கோணியது. "நீங்க இரிக்க வேணாம் சாச்சி. நீங்க வாற இல்லதானே. உம்மா சொன்னா."

"அம்ஹா!" என்று பஸால் கத்தினான்.

அந்தக் கத்தல்தான் சுஹறாவுக்கு எல்லாவற்றையும் சொன்னது. பிள்ளை தெரியாமல் எதையோ உளறியிருந்தால் அவன் சிரித்திருப்பான். அவள் முந்தானைத் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது. தலைக்கு மேலால் இழுத்து எடுத்தாள்.

"மச்சான், என்ட விசாவுக்குப் போட்டீங்களா, இல்லையா?"

பஸால் நிலத்தைப் பார்த்தான். "ஒங்கட ராத்தாட்டக் கேளுங்க சுஹறா. இது எனக்குப் பிடிக்காத வேல. நான் முதலே சொன்னன்."

"எப்ப சொன்னீங்க? எனக்குச் சொல்லல்லையே."

பஸால் எழும்பிக் கதிரைகளை ஓரமாக அடுக்கத் தொடங்கினான்.

சுஹறா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஸகியா முதலில் மழுப்பினாள். சட்டம் மாறிவிட்டது, கம்பனி விடவில்லை என்றாள். பிறகு அழுதாள். பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"அண்டைக்கு வீடியோவுல ஸைத் ஒன்னப் பாத்து 'உம்மா' எண்டு கூப்பிட்டானே. என்ன ஆரு எண்டு கேட்டானே. என்ட வயித்துல நெருப்பள்ளிப் போட்ட மாதிரி. நீயும் இஞ்ச வந்தா அவன் எனக்கு எப்ப புள்ளையாகிற?"

"அத என்கிட்டச் சொல்லியிரிக்கலாமே ராத்தா. ஒங்கட புள்ளைகள நான் தராம வெச்சிக்கொள்ளுவனா?"

"சொன்னா நீ இவ்வளவு பழக்கியிரிக்க மாட்டாய்" என்றாள் ஸகியா.

சுஹறா அந்த இடத்திலேயே குந்தினாள். பெற்ற தாய் போல் இவ்வளவு காலம் நம்பியிருந்தவளின் வாயிலிருந்து வந்த சொல் அது. தன் ஆசையைக் கயிறாக்கித் தன்னைக் கொண்டே பிள்ளைகளை இழுத்திருக்கிறார்கள். பஸ்ஸும் மில்லும் கதிரையும் எல்லாம், தன்னைவிட்டுச் சத்தமில்லாமல் பிரிந்து போவதற்குத் தானே கொடுத்த பயிற்சி. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. தனக்குத்தான் தெரியவில்லை.

ஸகியா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னம் ஒரு உதவி செய் தங்கச்சி. எயார்போட் வரைக்கும் வா. வாசல்ல நிண்டு, 'நான் மற்றப் பிளேன்ல வாறன்' எண்டு மகனுக்குச் சொல்லு. ஒன்ட சொல்லத்தான் அவன் கேப்பான்."

"நான் அவனுக்கு ஒரு நாளும் பொய் சொல்லாததாலதான் அவன் என்ட சொல்லக் கேக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு அம்ஹாவைக் கூப்பிட்டாள். பிள்ளை வந்து எட்ட நின்றது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். நோன்புக்கு முன்னமே தெரியும் என்றாள் அம்ஹா. "சொன்னா ஸைத் அழுவான், அழுதா பிளேன்ல ஏத்தமாட்டாங்க, நம்ம உம்மாட்டப் போகவே ஏலாது எண்டு உம்மா சொன்னா." அதைச் சொல்லும்போதே விக்கத் தொடங்கினாள். அவளை இழுத்து அணைக்க வேண்டும் என்று சுஹறாவின் புத்திக்குத் தெரிந்தது. கை எழும்பவில்லை. நோன்பு முழுக்கச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய தன்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை இதை மனதில் வைத்திருந்தது என்ற நினைப்பு குறுக்கே நின்றது. "போய் முகத்தக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஸைதைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். தோணிகள் கரையில் இழுத்து விடப்பட்டுக் கிடந்தன. மணலில் அவனை மடியில் இருத்திச் சொன்னாள்.

"சாச்சி பிளேன்ல வரல்ல மகன். வாப்பாவும் ராத்தாவும் நீங்களும் போவீங்க. அங்க உம்மா இரிக்கா. ஒங்களப் பெத்த உம்மா."

"மற்றப் பிளேன்ல வருவீங்களா?"

"இல்ல."

அவன் மடியிலிருந்து எழும்பினான். பிறகு அவள் முகத்தில் அறைந்தான். மண்ணை அள்ளி எறிந்தான். "பொய்க்காரி, பொய்க்காரி" என்று கத்திக்கொண்டு தோணிகளுக்குள் ஓடினான். துரத்திப் பிடித்துத் தூக்கி வந்தபோது அவள் தோளைக் கடித்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் பஸால் குதித்தான். "எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்களே! இனி இவன் ஏறுவானா?"

"ஏறுவான்" என்றாள் சுஹறா. "ஏறப் பழக்கியிரிக்கி."

மிச்சமிருந்த நாட்களில் ஸைத் அவள் கையால் சாப்பிடவில்லை. வாப்பா கொடுத்தால் சாப்பிட்டான். அவள் அவனை வற்புறுத்தவில்லை. அவனுடைய பேக்கை மட்டும் அவளே அடுக்கினாள். சத்தி வந்தால் எடுக்க சொப்பின் பேக், காதடைத்தால் சூப்ப டொபி, அவனுக்குப் பிடித்த நீலச் சட்டை. அம்ஹாவிடம் சொன்னாள்: "எழும்பக்குள்ள தம்பிட கையப் பிடிச்சிக்கொள்ளுங்க. கக்கூசுக்குப் போனா நீங்களும் உள்ள போங்க." பிள்ளை தலையாட்டியது.

பயண நாளன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு வான் வந்தது. சரீப் காக்கா பெட்டிகளை ஏற்றிவிட்டார். அம்ஹா வந்து சுஹறாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஸைத் வானில் ஏறி, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தான். கதவு சாத்தும்போதும் திரும்பவில்லை. அன்றைக்கு அம்ஹாவை அணைக்காமல் விட்ட தன்னிடமிருந்தே அதை அவன் படித்தான் என்று சுஹறாவுக்குப் பட்டது. நம்பியவர் ஏமாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் போய்ச் சேர்ந்ததாகப் பஸால் செய்தி அனுப்பினான். ஸைத் அழவே இல்லையாம், பக்கத்தில் இருந்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்று புகழ்ந்தார்களாம். சுஹறா வாசித்துவிட்டுப் பதில் போடவில்லை. அந்தக் கிழமையே ராத்தாவின் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சரீப் காக்காவிடம் கொடுத்தாள். கல்முனைக்குடியில் ஒரு டீச்சரம்மாவின் வீட்டுப் பின்னறைக்கு மாறினாள். பழைய புடைவைக் கடை முதலாளி, ஆள் தேவை என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஸகியா பலமுறை எடுத்தாள். சுஹறா போனைத் தூக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று மட்டும் தூக்கினாள். அம்ஹாதான் கதைத்தாள். ஸ்கூலைப் பற்றி, சூட்டைப் பற்றி, தம்பி இப்போது உம்மாவோடுதான் படுக்கிறான் என்பதைப் பற்றி.

"ஸைத் கதைக்கானா?"

"அவன் வாறான் இல்ல சாச்சி." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோட கோவமா?" என்று கேட்டாள்.

"ஒங்களோட என்ன கோவம் மகள். ஒரு கோவமும் இல்ல."

பின்னால் ஸகியா, "தாங்க, நான் கதைக்கிறன்" என்று சொல்வது கேட்டது. சுஹறா ஸலாம் சொல்லிப் போனை வைத்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.