ரத்னம்மாக்காவின் ஓட்டைத் தகடு

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சாந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. சாந்தம்மா, ரத்னம்மாக்காவின் தங்கை. பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. அன்று ஒரே வரிதான்.

"முருகேசா, அக்கா போயிருச்சுப்பா."

"எங்கீங்க?" என்று கேட்டேன். இந்த மடத்தனத்தை என்னவென்று சொல்வது? அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் புத்திக்கு எட்டியது. மீதிப் பெட்டிகளை யார் இறக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரத்னம்மா அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் காயலான் கடை ஒன்று இருக்கிறது. கணவர் காலமான பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதை நடத்தியவர் அவர். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ். அவசரம் என்று வந்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். புடவைக்கு மேல் கணவரின் காக்கிச் சட்டையைப் போட்டிருப்பார். ஒரு வண்டி உள்ளே வந்தால் நம்மைப் போல முகப்பைப் பார்க்க மாட்டார். சாக்கை விரித்து, மல்லாக்கப் படுத்து, அடியில் நுழைந்துவிடுவார். "மூஞ்சிக்குப் பெயிண்ட் அடிச்சு ஏமாத்தலாம் தம்பி. வயித்துக்கு யாரும் பெயிண்ட் அடிக்கறதில்ல" என்பார்.

நான் அவரைத் தேடிப் போனது ஒரு தகட்டுக்காக.

என் ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே, மலைமேல். பாதை என்று சும்மா பேருக்குச் சொல்கிறோம். கல்லும் பள்ளமும், நடுவே ஓர் ஓடையும்தான். எங்கள் முதல் பிள்ளை பிறக்க இருந்தபோது என் மனைவி செல்வியைத் தூளி கட்டித்தான் சுமந்துகொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மறுபடி அவள் முழுகாமல் இருந்தபோது, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப்பை வாங்கினேன். கிட்டத்தட்ட என் வயதுதான் அதற்கும் இருக்கும். ஆனாலும் முனகாமல் மலை ஏறியது. வாங்கிய மூன்றாம் வாரம் ஒரு கல் அடியில் குத்தி, இஞ்சினின் ஆயில் சேம்பர் கிழிந்தது. ஆயில் முழுவதும் பாறையில் வழிந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேம்பருக்கு ஒட்டுப் போட்ட மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கீழ சேம்பர் கார்டு இல்லாம இந்த வண்டிய மலைக்கு ஏத்தாதீங்க. இன்னொரு அடி வாங்குச்சுன்னா இஞ்சினே போயிரும்."

சேம்பர் கார்டு என்பது கல் படாமல் இஞ்சினுக்கு அடியில் மாட்டும் கனமான இரும்புத் தகடு. என் வண்டியில் அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். தர்மபுரியில் நான் ஏறி இறங்காத கடையில்லை. சேலத்துக்கும் போனேன். "இந்த மாடலா? செஞ்ச கம்பெனியே மறந்திருக்கும்" என்று ஒருவர் சிரித்தார். செல்விக்கு அப்போது எட்டாம் மாதம். மழைக்காலமும் வரப் போகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரத்னம்மாக்காவும் முதலில் கையை விரித்துவிட்டார். "இந்த வண்டி எங்கடைக்கு வந்ததேயில்லப்பா." நான் நகராமல் நின்றதைப் பார்த்து, "யாருக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். சொன்னேன். தூளியில் இறங்கிய கதையையும் சொன்னேன். உடனே அக்கா காக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். ஓசூரில் ஆரம்பித்துக் கர்நாடகாவுக்குள் அவருக்குத் தெரிந்த காயலான் கடை ஒன்றையும் விடவில்லை. எல்லோரிடமும் அவர் கேட்டது "ஒட்டெ தகடு". கன்னடத்தில் வயிற்றுக்கு ஹொட்டெ என்று பெயர். அக்காவின் பேச்சில் அந்த முதல் எழுத்து தேய்ந்து ஒட்டெ ஆகிவிடும். சேம்பர் கார்டு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது வண்டியின் வயிற்றுத் தகடுதான். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் அதே மாடல் வண்டி ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அடியில் நுழைந்த அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தகட்டின் ஒரு மூலை உடைந்து அவர் கையோடு வந்திருந்தது. துருவேறி அப்பளமாகிக் கிடந்தது அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? அளவு கெடச்சிருச்சில்ல?" என்று அதட்டினார். ஓர் அட்டையைக் கேட்டு வாங்கி, மறுபடி அடியில் படுத்து, தகட்டின் விளிம்பையும் வளைவையும் போல்ட் வரும் இடங்களையும் கரித்துண்டால் வரைந்துகொண்டார்.

அவர் கடையில் கிடந்த ஒரு டிப்பர் லாரியின் தளத்திலிருந்து நல்ல இரும்பாகப் பார்த்து வெட்டினார். அதை வளைக்கும் வசதி அவரிடம் இல்லை. அதனால் இரும்பையும் அட்டையையும் பாலக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெருமாளுக்கு அனுப்பிவிட்டு, போனில் விவரம் சொன்னார். அங்கே கிரைண்டர் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. பெருமாள் "என்னா தகடுங்க? என்னா தகடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா அவசரத்தில் தமிழை விட்டுவிட்டார். "ஒட்டெ தகடுப்பா. ஒட்டெ, ஒட்டெ" என்று கத்தி வைத்தார்.

நான்கு நாள் கழித்து நாங்கள் போனபோது பெருமாள் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். அளவு அச்சு அசல். வளைவு சுத்தம். ஆனால் தகடு முழுக்க வரிசை வரிசையாகக் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள். பெரிய இடியாப்பத் தட்டுப் போல இருந்தது.

"என்னாங்க இது?" என்றேன்.

"ஓட்டத் தகடுங்க. அக்காதான் அத்தன வாட்டி சொன்னாங்க. ஒருநாள் பூரா உக்காந்து ட்ரில் போட்டங்க."

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அன்று காலைதான் மழையும் பிடித்திருந்தது. பெருமாளைத் திட்டியிருந்தால்கூடப் போகட்டும். நான் அக்காவைப் பார்த்து, "ஒரு தகடு பேரத் தமிழ்ல சொல்லத் தெரியல, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க கடை?" என்று கேட்டேன். பட்டறையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்காகப் பத்து நாள் போன் போட்டு, பஸ் ஏறி வந்து, அடுத்தவர் கடையில் மண்ணில் படுத்த மனுஷியிடம் அப்படிக் கேட்டேன்.

அக்கா தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கல்லின் மேல் அதை வைத்து ஏறி நின்றார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர் அதன்மேல் நின்று குதிக்கவும் செய்தார். "பெருமாளு, குறுக்க ரெண்டு இரும்புப் பட்ட வெச்சு வெல்டு அடி. தாங்கும்" என்றார்.

மாட்டியதும் அவரேதான். அடியில் படுத்து, பழைய டயர் ரப்பரை வெட்டி இடையில் கொடுத்து, நான்கு போல்ட்டையும் முறுக்கினார். முடிந்ததும் ஸ்பேனரால் தகட்டில் இரண்டு தட்டு. டங், டங். எல்லாம் சரி, வண்டியை எடு என்று அதற்கு அர்த்தம். வெளியே வந்து, முடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "ஒட்டெ ஜோப்பானப்பா" என்றார். வயிறு பத்திரம். வண்டியின் வயிற்றைச் சொன்னாரா, செல்வியின் வயிற்றைச் சொன்னாரா தெரியவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

பத்து நாள் கூட ஆகவில்லை. கொட்டும் மழையில், நடுப்பகலில் செல்விக்கு வலி கண்டது. பக்கத்து இருக்கையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நான் வண்டியை இறக்கினேன். வழியில் மூன்று முறை கல் அடியில் மோதியது. ஓடைக்கு நடுவில் நான்காவதாக விழுந்த அடியில் வண்டியே ஒரு கணம் நின்றுவிட்டது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. கரையேறி, ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் பெண் பிறந்தாள். அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு, வெளியே மழையில் வண்டியின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து நானும் அழுதேன். அடியில் பார்த்தால், துளைகள் வழியாக ஓடைத் தண்ணீரும் சேறும் சொட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் மிட்டாயோடு கடைக்குப் போனேன். மிட்டாயை வாங்கிக்கொள்ளாமல் அக்கா முதலில் வண்டிக்கு அடியில் போனார்.

"இங்க பாரு, பெருசா ஒரு கல்லு வந்து இஞ்சினக் கேட்டிருக்குது. தகடு தரமாட்டன்னு சொல்லியிருக்குது" என்று அங்கிருந்தே சொன்னார். பிறகு, "முருகேசா, ஒரு பிடி சேறு தங்கலப்பா. ஓட்ட இல்லாம இருந்தா இத்தன சேறும் மேல ஏறி இறுகிப் போயிருக்கும். பெருமாளுக்குக் காது நல்ல காது" என்று சொல்லி, படுத்தபடியே சிரித்தார். அவர் வயிறு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து "ஓட்டத் தகடு" என்றே கேட்டார்கள். கொஞ்ச நாளில் அக்காவும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். இன்று எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

மன்னிப்புக் கேட்க ஏழு வருடமாக வாயெடுத்தேன். நான் ஆரம்பிக்கும் நேரமெல்லாம் அவர் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருப்பார். ஒருமுறை துணிந்து, "அக்கா, அன்னிக்குப் பட்டறையில நான்..." என்றேன். "அந்தப் பதினேழு ஸ்பேனர எடு" என்று அடியிலிருந்து கை நீண்டது. எடுத்துக் கொடுத்தேன். அத்தோடு சரி.

"ஒருநாள் உங்கூருக்கு வரணும். அந்தத் தகடு என்ன வேல செய்யுதுன்னு மேல உக்காந்து பாக்கணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். கடையை விட்டு வர அவருக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது முழங்கால் வலியால் படுக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு குச்சியில் கண்ணாடியைக் கட்டி, அதை என் வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். வழக்கம்போல, அந்தக் குச்சியாலேயே இரண்டு தட்டு. "ஒட்டெ ஜோப்பான." அதற்கடுத்த மாதம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

செல்வியோடு நான் போய்ச் சேர்ந்தபோது நெடுஞ்சாலை ஓரம் முழுக்க மலை வண்டிகள் நின்றன. சாந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வண்டியில ஏறணும்னு சொல்லிட்டே இருந்துச்சுப்பா. அதுலயே எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். அப்படித்தான் செய்தோம். பூவும் மாலையுமாக அக்காவை என் பிக்கப்பில் ஏற்றினார்கள். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். காலைக் கிளட்சில் வைத்தபடி காத்திருந்தேன். பின்னாலிருந்து "எடுங்க, எடுங்க" என்றார்கள். கால் எழவில்லை. எதற்குக் காத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பெண்களோடு ஓரமாக நின்ற செல்விக்கும் புரிந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னால் வந்து, மண்டியிட்டுக் குனிந்து, அடியில் கையை விட்டுத் தகட்டில் இரண்டு தட்டு தட்டினாள். எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், "போலாங்க" என்றாள்.

சுடுகாடு வரைக்கும் நல்ல தார்ச்சாலை. ஒரு கல் கிடையாது. ஆனாலும் நான் மலை இறங்குவது போல முதல் கியரிலேயே போனேன். அக்கா, அன்று பட்டறையில் நான் பேசியது தப்பு. மன்னித்துவிடுங்கள். இப்போது நீங்கள் எந்த வண்டிக்கு அடியிலும் இல்லை, நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். போய் வாருங்கள். ஒட்டெ ஜோப்பான.