சன்னலுக்கு வெளியே நின்ற நர்ஸ்

தட்டம்மை ஊசி போட்ட எட்டாம் நாள் என் மகளுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அம்மை என்று மாமியார் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். குழந்தைக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிச்சத்தம். எங்கள் தறி மட்டும் நின்றிருந்தது.

ஊசி போட்ட நர்ஸ் வந்தார். ஒல்லியானவர், தோளில் ஐஸ் பெட்டி. குழந்தையைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அன்றும் தேய்த்துவிட்டுத்தான் சன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தடிப்பை அழுத்திப் பார்த்தார்.

"ஊசியால வர்றதும்மா. ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும்."

"அப்ப வேப்பிலைய அவுக்கச் சொல்லுங்க சிஸ்டர். மூச்சு முட்டுது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எம் புள்ளைக்கு நானேதான் ஊசி போட்டேன். இப்டிதான் வந்துச்சு. எங்க வூட்லயும் கட்டினாங்க. மூணு தண்ணி ஊத்தறவரைக்கும் நானும் உள்ளதான் குந்திகினு இருந்தேன்."

தெரிந்துமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.