மெத்தைத் தோரணமும் அளவு ஜாக்கெட்டும்

செஞ்சியில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். தையல்காரர் என்று கேட்டால் ஒரே ஆள்தான், தனகோட்டி. இதை அவரே சொல்லிக்கொள்வார் என்பது வேறு விஷயம், சொன்னாலும் பொய்யில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சிங்கவரத்திலிருந்து பிரேக் இல்லாத சைக்கிளில் தினமும் வந்து, காஜா எடுத்து எடுத்துக் கட்டைவிரல் காய்த்துப்போய், கடைசியில் திருவண்ணாமலை ரோட்டில் சொந்தக் கடை போட்டவர். எவன் சிபாரிசிலும் மேலே வந்தவரில்லை. அறுபத்தெட்டு வயதிலும் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி போடமாட்டார். கோர்த்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அது இந்தக் காலத்து நூலின் குற்றம்.

நாலைந்து வருஷமாக அவருக்கு ஒரு புதுப் பெருமை சேர்ந்திருந்தது. பிறந்தநாள் என்றால் ஊரெல்லாம் பலூன் கட்டுகிறார்கள், ஜிகினாத் தாளில் எழுத்து ஒட்டுகிறார்கள், மறுநாள் காலையில் எல்லாம் குப்பைக்குப் போகிறது. தனகோட்டிக்கு அது பொறுக்கவில்லை. மெத்தைத் தோரணம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். முக்கோணமாக வெட்டிய துணி இரண்டு, நடுவில் இலவம்பஞ்சு, மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தையல். ஒரு முக்கோணத்துக்குப் பெயரில் ஓர் எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் அந்த ஆளுக்கு ஏற்ற ஒரு படம். எல்லாம் பஞ்சு அடைத்து உப்பிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று தைத்தாயிற்று. கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கும் மகன் நெடுமாறனுக்கு மின்கம்பம். அது உப்பிப்போய்ப் புடலங்காயாக வந்தது. மருமகள் ரஞ்சனிக்கு செல்போன். மனைவி வள்ளியம்மாளுக்கு வேர்க்கடலை, ஏனென்றால் அவள் வாய் அசைவது பேசுவதற்கா கடலைக்கா என்று நாற்பது வருஷமாக அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது அவருடையதுதான். கத்தரிக்கோல், மெஷின், பின்னால் ராஜகிரி மலை. பிறந்த தேதி தெரியாததால் அதை வருஷத்துக்கு இரண்டு தடவை கட்டிக்கொள்வார்.

ஒரு விதி மட்டும் வைத்திருந்தார். யாருக்குத் தோரணமோ அவர்கள் உடுத்திப் பழசான துணியில்தான் தைக்கவேண்டும்.

"புதுத்துணியில தச்சா அது ஜவுளிக்கடைக்காரனுக்குப் பொறந்தநாளு," என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய தோரணம் தைக்கும் நேரம் வந்தது. சம்பந்தியம்மாள் பவுனம்மாளுக்கு அறுபது வயது முடிய இருந்தது.

இரண்டு வருஷமாகப் பவுனம்மாள் இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. குற்றம் தனகோட்டியின் வாயுடையது. கல்யாண மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவள் தாம்பூலத் தட்டோடு நிற்கிறாள். நூறு பேர் பார்க்கிறார்கள். இவர் தட்டைப் பார்க்காமல் அவள் தோளைப் பார்த்தார்.

"சம்பந்தி, இடது கை ஒரு விரக்கடை எறங்கியிருக்குதே. எவன் தச்சான் இத?"

தைத்தவர் திண்டிவனத்துத் தையல்காரர் ஒருவர். பவுனம்மாளுக்கு முப்பது வருஷம் தைத்துக் கொடுத்துவிட்டு அந்த மாதம்தான் காலமாகியிருந்தார். பவுனம்மாள் தட்டைக் கொடுத்தாள், பெண்ணையும் கொடுத்தாள், அதோடு மேல்மலையனூருக்குப் போய்விட்டாள். அங்கே கோயில் பக்கம் பூசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறாள். அதன்பிறகு பெண்ணைப் பார்க்கவேண்டுமென்றால் பெண்தான் பஸ் ஏறவேண்டும்.

ரஞ்சனி இரண்டு மாதம் தாயிடம் கெஞ்சினாள். பிறந்தநாளை செஞ்சி வீட்டில் கொண்டாடலாம், பட்டு ரவிக்கையை மாமாவே தைக்கட்டும், அதோடு பழசெல்லாம் போகட்டும் என்று. கடைசியில் பவுனம்மாள் ஒரே வாக்கியம் சொல்லி அனுப்பினாள்.

"தைக்கட்டும், பாக்கலாம்."

அந்த வாக்கியம் தனகோட்டியைத் தூங்கவிடவில்லை. ரவிக்கை சரியாக அமைந்தால் ரஞ்சனிக்குத் தாய்வீடும் புகுந்தவீடும் ஒன்றாகும். அமையாவிட்டால் ஜென்மத்துக்கும் இல்லை. அதைவிட, செஞ்சித் தனகோட்டி ஒரு ரவிக்கையில் தோற்றான் என்று மேல்மலையனூர் சிரிக்கும்.

நெடுமாறன் மாமியார் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கடையில் வைத்தான்.

"அத்தை குடுத்தாங்க நைனா," என்றவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்விட்டான்.

பையில் கடைக் கவரோடு நீலப் பட்டுத்துணி இருந்தது. தோரணத்துக்கென்று கேட்டிருந்த பழைய நூல் புடவை இருந்தது. ஒரு பழைய சிவப்பு ரவிக்கையும் இருந்தது. வேறு எந்தத் தையல்காரனும் அந்த ரவிக்கையைப் பார்த்ததும் அளவு ஜாக்கெட் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆணியில் மாட்டியிருப்பான். எந்தப் பெண்ணுக்கும் உடம்பில் ஒழுங்காக உட்காருகிற ரவிக்கை ஒன்றுதான் இருக்கும். அதைத்தான் அளவுக்குக் கொடுப்பாள். ஆனால் தனகோட்டி அதை விரித்துப் பார்த்தார். இடது கை ஒரு விரக்கடை இறங்கியிருந்தது.

'இந்தத் தையலை ஒருத்தி அளவுக்கு வைத்திருப்பாளா? தோரணத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறாள்' என்று முடிவுகட்டிக் கத்தரியை எடுத்தார்.

இரண்டு நாளில் தோரணம் முடிந்தது. புடவை முக்கோணங்களாயிற்று. தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் என்று கடைச் சாமானெல்லாம் உப்பி எழுந்தன. பெயருக்குச் சிவப்பு ரவிக்கை. வலது கை 'ப' ஆயிற்று, இடது கை 'வு', முதுகு 'ன', இரண்டு முன்பக்கமும் 'ம்', 'மா'. மிச்சம் மீதியெல்லாம் சேர்ந்து 'ள்'. அப்படி ஒரு 'ள்' செஞ்சியில் எந்தப் போர்டிலும் இல்லை.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த ரஞ்சனி தோரணத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாமா, அம்மாவோட அளவு ஜாக்கெட்ட பத்திரமா வெச்சிருக்கீங்களா? செவப்பு. அது அவங்களுக்கு உசுரு. அந்தத் தாத்தா கடைசியா தச்சது அதான். தெனமும் போன்ல கேக்கறாங்க."

தனகோட்டி தோரணத்துக்கு முன்னால் போய்க் கையை அகட்டி நின்றுகொண்டார். அப்படி நின்றால் இரண்டு எழுத்துதான் மறையும்.

"எங்கிட்ட குடுத்த துணி காணாம போனதா சரித்திரம் உண்டாம்மா? நீ போ."

காணாமல் போகவில்லைதான்.

இரவு வள்ளியம்மாளிடம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பில் கடலை மூக்கில் ஏறிவிட்டது.

"போயும் போயும் அளவு ஜாக்கெட்டையா வெட்டுன? பீரோ சாவிய வெட்டியிருந்தாக்கூட வேற போட்டுக்கலாம்யா."

"அது அளவாட்டமா இருந்துச்சு? கோணலா இருந்துச்சுடி."

"கோணலுன்னு வாயால சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப கத்தரியாலயும் சொல்லிட்ட. எழுத்தப் பிரிச்சு ஒட்ட வேண்டியதுதான?"

"ஓரமெல்லாம் நறுக்கிட்டேன். ஒட்டுனா கொழந்தைக்குத்தான் ஆவும்."

நேரே போய் டேப் வைத்து அளவெடுக்கவும் முடியாது. அளவு ஜாக்கெட் எங்கே என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வள்ளியம்மாள் கடலைத் தோலை ஊதிவிட்டு யோசித்தாள். மறுநாள் அமாவாசை. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் போகும். சாமி கும்பிடப் போகிறவளை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

"நான் போயி அளவு எடுத்தாரேன். டேப்பு வேணாம். என் கையே போதும்."

மறுநாள் சாயங்காலம் அவள் கடைக்குள் நுழைந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. இடது முழங்கைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இன்னா இது?" என்றார் தனகோட்டி.

"அண்ணியப் பாத்ததும், ஐயோ அண்ணி எத்தினி நாளாச்சுன்னு ரெண்டு கையாலயும் சுத்திக் கட்டிப் புடிச்சேன். என் வலது கை வெரலு எதுவரைக்கும் வந்துச்சோ அங்க பொட்ட எடுத்து ஒட்டிக்கினேன். எளச்சுட்டீங்களேன்னு மேல்கையப் புடிச்சுப் பாத்தேன், ஒரு சாணும் நாலு வெரலும். முதுகத் தட்டிக் குடுத்தேன், எறக்கம் ஒண்ணரைச் சாணு. எழுதிக்க."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணு கலங்கிடுச்சு. ரெண்டு தேங்கா குடுத்தாங்க."

இப்போது பொட்டிலிருந்து சுற்றளவைக் கறக்கவேண்டும். தனகோட்டி ஒரு திண்டு உறையைத் தைத்துப் பஞ்சு அடைத்தார். வள்ளியம்மாள் கட்டிப் பிடித்தாள். விரல் பொட்டைத் தாண்டிப் போயிற்று. இன்னும் அடைத்தார். தாண்டியது. இன்னும் அடைத்தார். தோரணத்துக்கென்று வாங்கிவைத்த மூட்டை பாதி காலியானதும் விரல் பொட்டில் வந்து நின்றது.

"கொஞ்சம் மெத்துன்னு இருந்தாங்க," என்றாள் வள்ளியம்மாள், திண்டின் மேல் கன்னத்தை வைத்து. "இது விறைப்பா இருக்குது. கோவமா இருக்கறப்ப வேணா சரியா இருக்கும்."

ஒரு பிடி பஞ்சைப் பிடுங்கினார். அவள் மறுபடி கட்டிப் பிடித்துத் தலையாட்டினாள். இந்த நேரம் பார்த்துப் பக்கத்து டீக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கிளாசை வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு மூன்று நாள் கடையில் திண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. தனகோட்டி அதற்கு நீலப் பட்டை மாட்டினார், கழற்றினார், மாட்டினார். கழுத்தில்லாத அந்தத் திண்டிடம் கழுத்து எவ்வளவு இறக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு முதுகைக் காட்டி உட்காருவது மரியாதையில்லை என்று மெஷினையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறந்தநாளன்று கூடத்தில் தோரணம் கட்டியாயிற்று. பவுனம்மாள் வந்தாள். வாசலில் தயங்கிவிட்டு வலது காலை எடுத்துவைத்தாள். தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தேங்கா அச்சு அசலா இருக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு ரவிக்கையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தனகோட்டி கதவையே பார்த்தார். நாலாயிரம் ரவிக்கை தைத்தவர் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். ரஞ்சனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. பவுனம்மாள் நீலப் பட்டில் வெளியே வந்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், குனிந்து நிமிர்ந்தாள். ரவிக்கை எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை.

"அம்மா, சூப்பரா இருக்குதும்மா!" என்று ரஞ்சனி கத்தினாள்.

"இருக்குதுதான்." பவுனம்மாள் தோளைத் தடவிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. அளவு ஜாக்கெட்டு நல்லா அமைஞ்சுட்டா அத வெச்சு எவன் தச்சாலும் நல்லாத்தான் வரும். எல்லாம் அந்தத் திண்டிவனத்து மகராசன் கை."

அதோடு விட்டிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் விட்டிருப்பான். வள்ளியம்மாள் கடைக்கண்ணால் அதட்டினாள். தனகோட்டி பல்லைக் கடித்தார். உதட்டைக் கடித்தார். கேக் வெட்டுகிற கத்தியை எடுத்துத் துடைத்தார். அது போதவில்லை.

"அந்தாளு கை ஒரு மண்ணும் இல்ல சம்பந்தி! அளவே இல்லாம தச்சேன் நானு! தமிழ்நாட்டுல எவனையாவது தைக்கச் சொல்லுங்க பாப்போம்!"

"அளவு இல்லாமலா? அப்ப என் ஜாக்கெட்டு எங்க?"

தனகோட்டியின் கை தானாகவே மேலே போய்த் தோரணத்தைக் காட்டியது. பவுனம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். 'ப'வைத் தொட்டாள், 'ன'வைத் தொட்டாள், 'வு'விடம் வந்து நின்றுவிட்டாள்.

"இது எறங்கின கை."

"ஆமா," என்றார் தனகோட்டி.

"அளவு எப்பிடி எடுத்தீங்க?"

வள்ளியம்மாள் முன்னால் வந்து அமாவாசையன்று நடந்ததைச் சொன்னாள், பொட்டு உட்பட. பவுனம்மாளின் முகம் சுருங்கியது.

"அளவுக்குத்தான் கட்டிப் புடிச்சியா? நான் பாசம்னு இல்ல நெனச்சேன். அத நெனச்சுத்தான இங்க வந்ததே." நாற்காலியிலிருந்து இறங்கினாள். "ரஞ்சனி, என் பைய எடு."

"நில்லுங்க அண்ணி. மொதத் தடவ புடிச்சது அளவுக்கு. பஸ்ஸு கெளம்பறப்ப ரெண்டாந் தடவ ஓடியாந்து புடிச்சேனே, அது எதுக்கு? அளவத்தான் அப்பவே எடுத்துட்டேனே!"

பவுனம்மாள் யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் தனகோட்டியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கை எறங்கினது எனக்கும் தெரியும் சம்பந்தி. அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு போயிடுச்சு. தெரிஞ்சேதான் போட்டுக்கினு திரிஞ்சேன். அத நூறு பேரு முன்னால சொல்லலாமா?"

தனகோட்டி கத்தியைக் கீழே வைத்தார். அறுபத்தெட்டு வருஷத்தில் அந்த வாயில் வராத வார்த்தை வந்தது.

"சொல்லியிருக்கக் கூடாது," என்றார். பிறகு, "மெதுவா சொல்லியிருக்கணும்," என்றார்.

வள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பவுனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வாய் ஓரத்தில் கிளம்பித் தோள் வரைக்கும் குலுங்கியது. பட்டு ரவிக்கை அப்போதும் எங்கேயும் இழுக்கவில்லை.

"அந்தத் திண்டு எங்க? நான் பாக்கணும்."

நெடுமாறன் கடைக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தான். பவுனம்மாள் அதை முன்னாலும் பின்னாலும் சுற்றி வந்தாள்.

"இவ்ளோ குண்டாவா இருக்கறேன்?"

"பஞ்சு கொஞ்சம் ஊதும் அண்ணி," என்றாள் வள்ளியம்மாள்.

கேக் வெட்டி, பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்பும்போது பவுனம்மாள் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தோரணத்தை அது இருந்த இடத்திலேயே விட்டாள்.

"அது அடுத்த வருசமும் இங்கயே தொங்கட்டும், வந்து பாத்துக்கறேன். இதான் இனிமே என் அளவு. தைக்கறப்ப எல்லாம் நானே கொண்டாந்து பக்கத்துல உக்காந்து தச்சு வாங்கிக்கினு போவேன். உங்கள நம்பி விட்டா இதையும் வெட்டி எழுத்தாக்கிடுவீங்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லோரும் போனார்கள். பவுனம்மாள் ஜன்னலோரத்தில் திண்டை உட்காரவைத்துப் பக்கத்தில் தான் உட்கார்ந்தாள். அந்தம்மாவுக்கும் டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்டார். வள்ளியம்மாளும் ரஞ்சனியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

தனகோட்டி சிரிக்கவில்லை. பஸ் திரும்பும்வரை ஜன்னலையே உற்றுப் பார்த்துவிட்டு மகன் தோளைத் தட்டினார்.

"பாத்தியாடா, அவ்ளோ பஞ்சு அடச்சும் ஓரத்துல ஒரு தையலாவது பிரிஞ்சுதா?"