ரப்பர் வெண்மதி

புடவை எடுக்க வந்தவர்கள் கேட்டால் போதும், வெண்மதி கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்ட வைப்பார். "ஐயோ, ரப்பரு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்த வாக்கில் இன்னொரு புடவையும் எடுப்பார்கள். செஞ்சி கடைத்தெருவில் இவ்வளவு மலிவான விளம்பரம் ஜவுளிக்கடை முதலாளி ராஜகோபாலுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது.

வெண்மதி தளவானூரிலிருந்து பஸ்ஸில் கடை வேலைக்கு வருபவர். பள்ளியில் இதே வளைவுக்காக யோகா கோப்பை வாங்கியவர். மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை இழுக்கும்போது தோள் மூட்டு நழுவினால் என்ன செய்வது என்று, கோப்பை கொடுத்தவர்கள் சொல்லவில்லை. முட்டி வலி, இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் வீட்டிலேயே வைத்தியம் தயார். "வளையற ஒடம்புல வலி எங்கேர்ந்து வரும்? இன்னும் நல்லா வளைச்சி உடு, சரியாப் பூடும்" என்பார் மாமியார் காத்தாயி. முதலாளியின் கண்டுபிடிப்பு ஒரே சொல்தான்: "டென்ஷன்."

விழுப்புரத்தில் இயன்முறை மருத்துவர் வளர்மதி மட்டும் வித்தை காட்டச் சொல்லவில்லை. மூட்டுகளை இழுத்துப் பிடிக்கும் நார்கள் பிறவியிலேயே தளர்வு என்றார். அந்த வேலையைத் தசைகள்தான் செய்ய வேண்டும். அதனால் வளைப்பதை விட்டுவிட்டு, வலுவேற்றும் பயிற்சியை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். முட்டியைப் பின்னுக்குத் தள்ளி நிற்கக் கூடாது. நடுநடுவே உட்கார வேண்டும்.

"அப்போ நான் பொய் சொல்லலதான மேடம்?"

"இல்லம்மா. வலி நெஜம்தான்."

கோப்பை வாங்கியபோது வராத அழுகை அன்றைக்கு வந்ததாம்.

மறுநாளே வித்தை நின்றது. கேட்டவர்களிடம், "ரப்பரு ஸ்டாக்கு தீந்துடுச்சிக்கா" என்றார். ராஜகோபாலுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா, ஒரு வெரல வளைச்சா கொறைஞ்சா பூடுவ?"

"வளைச்சி வளைச்சிதான் இப்டி ஆயிட்டேன் மொதலாளி. உக்கார ஒரு சேர் குடுங்க, வேல நல்லாவே பாக்கறேன்."

கடையில் நாற்காலி இல்லாமலில்லை. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜகோபால் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அதில் அன்று முதல் பட்டுப்புடவை கட்டிய பொம்மை ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் முட்டி வலி போலும்.

வெண்மதி அந்தப் பொம்மையை மார்போடு அணைத்து, நிதானமாகத் தூக்கிவந்து, முதலாளியின் மேசைமேல் அவருக்கு நேராக உட்கார வைத்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டு, காத்திருந்த அம்மாளுக்கு அடுத்த புடவையைப் பிரித்தார்.