சாம்பல் வானத்தில் ஒரு புள்ளி

சேரங்கோட்டுத் தோட்டத்துக்கு டிவி வந்தபோது நாங்கள் இலங்கையை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மன்றம் என்று பெயர் வைத்த தகரக் கொட்டகையில், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் அது இருந்தது. சாவி உபதேசியாரிடம். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மாதாகோவில் வேலை போக, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்துவார். சிலோன்காரர்கள் பெட்டியை உடைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து அவர் வந்து திறக்கும்வரை லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுக்கத் தூறலில் நிற்கும்.

அந்த வருஷம் ஒரு தொடர் ஓடியது. இந்தியில். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் கதை புரிந்தது. அது உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்களின் கதை. பெரிய நெருப்பு ஒன்று எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மிஞ்சியவர்கள் இடிந்த கோவில் ஒன்றில் ஒண்டியிருக்கிறார்கள். பக்கத்தில் சிலுவை சாய்ந்த ஒரு மாதாகோவில் கோபுரம். வானத்தைச் சாம்பல் மூடியிருப்பதால் பகலும் இல்லை, இருட்டும் இல்லை. தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை. முதல் வாரமே பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இது நம்ம மண்டபம் கேம்ப்பத்தான் புடிச்சிருக்கானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். கப்பலை விட்டு இறங்கியதும் அந்த முகாமில் நாங்கள் நின்ற வரிசைகள் அப்படி.

என் அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தொடரில் ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, சாம்பல் வெளிக்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்ட புருஷனுக்காகக் காத்திருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது அப்பா எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதிக் கொடுத்தார். அத்தான் வீட்டார் அவர்கள் குடும்பத்துக்குச் சிலோன் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகுதான் கல்யாணம் நடந்தது. கல்யாணம் செய்தால் காகிதம் ஒன்றாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆகவில்லை. கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தபோது அக்கா வயிற்றில் பிள்ளை இருந்தது. அத்தான் கோச்சி ஏறுகிற ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ரயில் நகர நகரக் கூடவே ஓடிவந்து, "பின்னாலேயே வந்துர்றேன்" என்றார். அவர் காகிதம் சரியாவதற்குள் அங்கே கலவரம் வந்து கப்பல் நின்றுவிட்டது. அப்புறம் சண்டை. கடிதமும் நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் இந்த ஊர் மழையைத் தாங்காமல் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். நானும் அக்காவும் பிள்ளையும்தான் மிச்சம்.

பிள்ளை அப்பனைப் பார்த்ததில்லை. வந்தால் அடையாளம் தெரியாமல் பயந்துவிடுமே என்பதுதான் அக்காவின் பெரிய கவலை. வருவாரா மாட்டாரா என்ற கேள்வியை அவள் மனசுக்குள்ளேயே விடவில்லை. கஞ்சி ஊட்டும்போதெல்லாம் பாடம் நடக்கும். "ஒங்கப்பாவுக்கு எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். அத வச்சுக் கண்டுபுடிச்சுக்கணும், சரியா?" பிள்ளையும் சொன்ன சொல் தட்டாது. சேரம்பாடி பஸ்ஸில் ஏறினால் புதிய ஆம்பிளைகளின் புருவத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரும். நான் அதன் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவேன். அக்காவிடம் சொல்லமாட்டேன்.

பாஷை தெரியாதவர்கள் படத்தைத்தான் படிக்க வேண்டும். நாங்களும் படித்தோம். தொடரில் விளக்கு அணைந்தால் என்ன, ஆள் இல்லாமல் மணி அடித்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் கொழுந்து எடுக்கிற மலையில் வாரம் முழுக்க அர்த்தம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் பெரியது நட்சத்திரம். மூடிய வானத்தில் எப்போதாவது ஒரு கிழிசல் விழும். அதில் ஒற்றை நட்சத்திரம் தெரியும். அது தெரிந்தால் அடுத்த வாரம் ஒன்று நடக்கப்போகிறது.

முதல் தடவை அது கோவிலில் மணியடிக்கும் கிழவரின் தலைக்கு மேல் தெரிந்தது. உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏனுங்க, நட்சத்திரமுன்னா சும்மாங்களா? ரட்சகர் பொறந்ததுக்கே அதுதானுங்க அடையாளம். நல்லதுதான் நடக்கும், பாருங்க" என்றார். அடுத்த வாரம் கிழவர் செத்துப்போனார். இரண்டாம் தடவை கழுதை மேய்ப்பவனுக்குத் தெரிந்தது. அவனும் செத்தான். அதற்குப் பிறகு உபதேசியார் வேதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எங்கள் பெண்கள் பக்கம் சாய்ந்தார். எங்கள் பெண்களுக்கு முதலிலிருந்தே சந்தேகம் இல்லை. நட்சத்திரம் விழுந்தால் பச்சை இலையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்ளும் கூட்டம் அது. நட்சத்திரம் என்றால் சாவு என்று தீர்மானமாகிவிட்டது.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வக்கீல் மாதிரி எடுத்துச் சொன்னாள். "செத்தவங்களையே பாக்குறீங்களே. கெழவன் செத்த அன்னிக்குத்தான அந்த அநாதப் புள்ள வந்து சேந்துச்சு? கழுதக்காரன் போன அன்னிக்குத்தான தண்ணி ஊத்து கெடச்சுது? நட்சத்திரம் போறவங்களுக்கு வரல. வர்றவங்களுக்கு வருது."

அவள் சொன்னதில் தப்பு இல்லை, ஆனால் அவள் ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டு கட்சியின் மேலும் எரிச்சல். "அது டிவிக்காரன் தொங்கவிட்ட பல்புதான்கா" என்றேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசிக்கு முந்தின வாரம் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. டிவியில் அரிசியை அள்ளி இறைத்த மாதிரி ஒரே வெள்ளைப் புள்ளி. கூரை மேல் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "இப்ப? இப்ப?" என்று கத்த, உள்ளேயிருந்து பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொன்னார்கள். தொடரில் அந்தப் பெண் வாசலில் பிள்ளையோடு நின்றாள். படம் மெல்ல வானத்துக்கு ஏறியது. அவள் கூரைக்கு நேர் மேலே, மற்றப் புள்ளிகளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். "பாத்தியா? பாத்தியாடி?" நான் பார்த்தேன். கூரை மேலிருந்தவர் கம்பியைத் திருப்பினார். எல்லாப் புள்ளிகளோடும் சேர்ந்து அதுவும் போய்விட்டது. அன்றைய பாகம் முடிந்தது.

லயத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதே பேச்சு. அக்காவின் மேல் இரக்கப்பட்டவர்கள் எல்லாம் அது வெறும் புள்ளி என்றார்கள். நட்சத்திரம் என்றால் அந்தக் கூரைக்குச் சாவு, தொடரில் வரவேண்டிய புருஷன்காரன் செத்துப்போவானே, அதை எப்படி அவள் முகத்துக்கு நேரே சொல்வது? அக்கா ஒருத்திதான் நட்சத்திரம் என்று அடித்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் பிள்ளைக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இந்த ஊருக்கு வந்த பிறகு நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் எங்கள் வீட்டுக் காம்பராப் படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தாடியும் முகமுமாக, அடையாளமே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்த பிள்ளை அவர் முன்னால் குந்தி, முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து, "இவரு இல்லம்மா, வெட்டு இல்ல" என்றது.

அவர் அத்தானுடைய சித்தப்பா மகன். மன்னாரிலிருந்து படகில் தப்பி வந்து, முகாமில் விசாரித்து, பஸ் மாறி பஸ் மாறி எங்களைத் தேடிப்பிடித்திருந்தார். எழுந்து நின்று, "மதினி" என்றவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா கூடையைக்கூட இறக்கவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

"அண்ணன் இங்க வர்றதுக்குத்தான் வெளிக்கிட்டாரு மதினி. மன்னாருல படகுக்குப் பேசி வச்சிருந்துச்சு. வழியில ஆமிக்காரனுங்க பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்க. கூட எறங்குனவரு ஒருத்தரு தப்பிச்சு வந்து சொன்னாரு. அவரு கண்ணால பாத்திருக்காரு."

"எப்ப?"

"போன வருசம், மதினி. அம்மன் திருவிழா சமயம்."

மன்றத்துக்கு டிவியே வராத காலம் அது. நாங்கள் மணியையும் விளக்கையும் நட்சத்திரத்தையும் வைத்து அலசிய அத்தனை வாரமும் அத்தான் உயிரோடு இல்லை. வருவாரா மாட்டாரா என்று நாங்கள் வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, நாங்கள் கேட்க ஆரம்பிக்கும் முன்பே பதில் முடிந்துபோயிருந்தது.

லயத்துப் பெண்கள் கூடினார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அக்கா கையைக் கொடுத்தாள், கழுத்தைக் கொடுத்தாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவளை அழவைக்க வேண்டும் என்று அவர்கள் சத்தம் போட்டு ஒப்பாரி வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கோச்சி ஏறுகிற அன்று பூனை குறுக்கே போனது. கல்யாணத்தன்று அருந்ததி பார்க்கச் சொன்னபோது வானம் மூடியிருந்தது, அருந்ததி கண்ணில் படாவிட்டால் ஆயுசு இல்லை என்பார்களே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் கத்திவிட்டேன். "அங்க எந்தக் கல்யாணத்துலதான் மேகம் மூடல? உச்சி வெயில்லயும் மூடுபனியிலயும் நீங்கல்லாம் பாத்தீங்களா அருந்ததிய? புருசங்காரன் கையைக் காட்டுனான், தெரியுதுன்னு தலைய ஆட்டுனீங்க. அவ்வளவுதான? ஒங்க புருசனுங்க உசுரோடதான இருக்காங்க?" துக்க வீட்டில் பேசுகிற பேச்சில்லைதான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு முடிவு தெரியும். அதனால் முன்னாலேயே ஒரு நட்சத்திரத்தை வைக்கிறான், ஒரு விளக்கை அணைக்கிறான், பார்க்கிறவர்களை மெல்லத் தயார் செய்கிறான். எங்களுக்கு யாரும் எதையும் வைக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துத்தான் அங்கே வீட்டைப் பூட்டினோம். கப்பல்காரன் ராகு காலத்தில் எடுத்தான். எங்கள் வாழ்க்கையில் அடையாளம் இல்லாமல் இல்லை, எல்லாமே அடையாளமாகத்தான் இருந்தது, அவற்றை வைத்தவன்தான் இல்லை. உபதேசியார் ஆறுதல் சொல்ல வந்தபோது இதை அவரிடமும் சொன்னேன். அவர் குடையை மடித்து விரித்து மடித்து, "எனக்கும் தெரியலீங்க அம்மிணி" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, "நீ போயிட்டு வா" என்றாள்.

"எங்கக்கா?"

"மன்றத்துக்கு. இன்னிக்குத்தான முடியுது? போயி என்னா ஆச்சுன்னு பாத்துட்டு வா."

போகமாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. போனேன். கொட்டகையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி எனக்கு வழி விட்டார்கள். அன்று பார்த்து மழை விட்டு வானம் துப்புரவாக இருந்தது. படத்தில் ஒரு புள்ளி இல்லை. தொடரும் தன் பாட்டுக்கு நடந்தது. சாம்பல் வெளியில் தூரத்தில் ஒரு உருவம் தெரிந்தது. நடந்து நடந்து பெரிதானது. வந்துவிட்டான். உயிரோடு, முழு ஆளாக வந்து நின்றான். கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "சொல்லிறாதடி. கரண்டு போயிருச்சுன்னு சொல்லு." உபதேசியார் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து, "பொய்யின்னு பாக்காதீங்க அம்மிணி, அந்தப் பாவம் எம்மேல இருக்கட்டுமுங்க" என்றார். சரி என்றுதான் நடந்தேன். மேட்டு லயம் வரைக்கும் அந்தப் பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டே போனேன்.

அக்கா போட்ட இடத்தில் அப்படியே இருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வந்தானா?"

அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. "வந்துட்டான்கா."

தலையை ஆட்டினாள். நான் சொன்னேனே என்று சொல்வாள் என நினைத்தேன். சொல்லவில்லை. பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"புள்ளைக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரியலக்கா. பயந்து கத்திருச்சு. அவன் கிட்ட வர வர அம்மா பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிச்சு."

"அவன் என்ன செஞ்சான்?"

"கிட்டப் போகல. தூரத்துலயே தரையில உக்காந்துகிட்டான். அதுவா வரட்டும்னு."

"வந்துச்சா?"

"அதோட முடிச்சுட்டாங்கக்கா."

அப்போதுதான் அக்கா அழ ஆரம்பித்தாள்.