மூவாயிரம் மயிலும் ஒரு மச்சானும்

சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து மேகத்தின் மேலோ அரண்மனை வாசலிலோ நிறுத்துவது என் பிழைப்பு. அந்த மேகத்தையும் அரண்மனையையும் நான் வரைவதில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து விற்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கிக்கொள்வேன்.

போன வருஷம் அப்படி ஒருவர் ஆன்லைனில் புதுத் தொகுப்பு விற்றார். பதினெட்டாயிரம் ரூபாய். மூவாயிரம் டிசைன், எதைத் திறந்தாலும் ஒரு மயில் நிற்கும். சீக்கிரம் வாங்கினால்தான் இந்த விலை, அப்புறம் ஏறிவிடும் என்றார். வாங்கிவிட்டேன். அதோடு விட்டிருந்தால் ஊரில் ஒரே ஒரு முட்டாள்தான். கடலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிக்கு போன் போட்டேன்.

“யோசிக்காத மச்சான். அடுத்த மாசம் வெல டபுள் ஆயிடும்.”

“லென்சு வாங்க வச்சிருக்கற காசு மாமா.”

“லென்சு எப்பவும் கெடைக்கும். இந்த மயிலு கெடைக்காது.”

அவனும் வாங்கினான்.

மூன்றே வாரம். அதே ஆள் அதே தொகுப்புக்கு விளம்பரம் விட்டார்: வெறும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். கூடவே ஐந்நூறு சாமி படம் இலவசம். கொதித்துப்போய் அவருக்குச் செய்தி அனுப்பினேன். ‘முதல் வாடிக்கையாளரான உங்களுக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று பதில் வந்தது.

காசு போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு இருப்பதோ ஒரே தம்பி. அவன் முறுக்கிக்கொண்டு வராமல் போனால், மாமியார் வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஆகவே ஞாயிறு வரை அந்த விளம்பரம் அவன் கண்ணில் படக்கூடாது.

மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினேன்.

“என் போன்ல சார்ஜ் இல்ல மச்சான். ஒங்க அக்காகிட்ட பேசணும், ஒன் போன குடு.”

கொடுத்துவிட்டு, பக்கத்தில் குடிகாடு என்ற ஊரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவருக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க உள்ளே போனான். நான் அந்த விளம்பரத்தைத் தேடிப்பிடித்து மறைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் விரல் எங்கெங்கே பட்டதோ, அதற்குப் பிறகு அவன் போனில் மயிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை. மீன் குழம்பு வீடியோவுக்கு நடுவிலும் மயில்.

“என்னா மாமா, இப்டி வேர்க்குது?”

“கடலூர்ல வெயிலு ஜாஸ்தி மச்சான்.”

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு வந்தது. மச்சானும் சீர்த்தட்டோடு வந்தான். எனக்கு உயிர் வந்தது. கோயிலில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். மச்சான் இரண்டு கையாலும் மடியை மூடிக்கொண்டான்.

“மாமா, எம் போன் பூரா மயிலா வருதே, அந்த டிசைனு இப்ப என்னா வெல?”

“இப்பவா கேக்கற?”

“சொன்னாத்தான் மடி.”

“நூத்தித் தொண்ணூத்தொம்பது.”

“பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

கத்திச் சொன்னேன். “எது?” என்றார் மாமியார்.

“இவுரு பேச்ச கேட்டு நான் பதினெட்டாயிரத்துக்கு வாங்குனதும்மா.”

கோயிலே சிரித்தது. மகள் மடிக்குப் போனாள். ஒரு காது குத்தியதும் வீறிட்டாள். ஆசாரி மறுபக்கம் நகர்ந்தார். மச்சான் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

“இன்னொரு காது இருக்குது மாமா. லென்சு எப்போ?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “தையில வாங்கிக் குடுத்துடுவாருடா. நீ கைய எடு.”

கையை எடுத்தான். குத்தினார்கள்.

மகளாவது ஐந்து நிமிஷத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள்.